பிஷப் என்ற குதிரையும் வாசலுக்கு வாசல் தண்ணீரும்

மேற்கிந்தியாவில் உள்ள கிரனாடாத் தீவில் கால் வைத்துக் கொஞ்ச நேரத்திலேயே நான் ஒரு வாய்க்காலுக்குள் விழுந்தேன். விழுத்தியது என்னுடைய மரியாதை.

கொழும்பில் இருப்பவனுக்குக் குதிரை என்றால் என்ன? ஒன்றில் பொலிஸ் துரை அதன்மேல் இருப்பார், இல்லையென்றால் காலிமுகத் திடலில் காற்று வாங்கும் வெள்ளைக்காரச் சீமாட்டி இருப்பாள். மிச்சக் குதிரைகள் பந்தயத்தில் ஓடும். அவற்றுக்கு வேளாவேளைக்குக் கிடைக்கும் தீனி வெள்ளவத்தையில் எங்கள் சம்மரியில் ஒருநாளும் கிடைத்ததில்லை. சம்மரி என்பது கலியாணமாகாத யாழ்ப்பாணத்து லிகிதர்கள் நாலைந்து பேர் கூடி ஒரு வீட்டையும் ஒரு சமையற்காரனையும் பிடித்து, இரண்டையும் குறை சொல்லிக்கொண்டு சீவிப்பது. அப்படிப்பட்ட நான், குதிரையில் ஆள் வருவதைக் கண்டதும் குடையை மடக்கி, தெருவோரம் ஒதுங்கி, "குட் மோர்னிங் சேர்" என்றேன். ஒதுங்கிய இடத்தில் வாய்க்கால் இருந்தது.

குதிரைக்காரன் இறங்கி வந்து என்னைத் தூக்கிவிட்டான். காலில் செருப்பில்லை, வாயில் புகையும் சுங்கான், குதிரைமேல் ஒரு வாழைக்குலை. துரை இல்லை, சந்தைக்குப் போகிற தோட்டக்காரன்.

"ஆருக்கு ஐயா சேர் சொன்னனீங்கள்? எனக்கோ, குதிரைக்கோ?" என்று கேட்டான்.

அவன் பேசியது இங்கிலீஷ்தான். ஆனால் எங்கள் வாத்திமார் அடித்துப் படிப்பித்த இங்கிலீஷ் இல்லை. அந்த ஊர்ப் பேச்சின் இனிமை இலக்கணத் தமிழில் வராது என்பதால் எங்கள் வீட்டுத் தமிழிலேயே தருகிறேன்.

நான் ஏன் உலகத்தின் மறுபக்கத்துக்குப் போனேன் என்று சொல்லவேண்டும். கொச்சிக்கடையில் துறைமுகத்தை ஒட்டிக் கிட்டங்கி வைத்திருந்த காசிம் ஹாஜியாரிடம் நான் லிகிதர், கணக்கும் கடிதமும் எழுதுகிறவன். சாதிக்காய், கராம்பு, ஏலம் எல்லாம் ஏற்றுமதி. எங்கள் சாதிக்காயைவிடக் கிரனாடாச் சாதிக்காயைத்தான் இலண்டனில் கேட்டு வாங்குகிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து ஹாஜியாருக்குச் சோறு இறங்கவில்லை.

"தம்பி, அந்த மனிசர் அத எப்பிடிக் காய வெக்கிறாங்கண்டு பாத்துட்டு வாங்க. கேட்டாச் சொல்ல மாட்டாங்க. சும்மா பராக்குப் பாக்கிற மாதிரி நிண்டு பாருங்க," என்றார். வந்ததும் என்னைத் தலைமை லிகிதர் ஆக்குவதாகவும் சொன்னார்.

தலைமை லிகிதர் என்ற சொல்லுக்காகத்தான் நான் கப்பல் ஏறினேன். வெள்ளவத்தையில் பென்சன் எடுத்துக்கொண்டிருந்த ஸ்டேஷன் மாஸ்டர் சின்னத்தம்பியர் தன் மகள் பூரணத்தை அதற்குக் குறைந்த ஆளுக்குக் கொடுப்பதாக இல்லை. பூரணம் கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடம் ஒன்றில் ரீச்சர். இரண்டு வருடமாக ஒரே ரயிலில் கோட்டைக்குப் போய், அங்கிருந்து ஒரே ட்ராமில் போயிருக்கிறோம். ஒருநாள் அவளுடைய குடை என்னை முட்டியது. "எக்ஸ்கியூஸ் மீ" என்றாள். நான் தகுந்த பதிலை யோசித்து முடிக்க, அவள் இறங்கிப் போய் வெகு நேரமாகி, ட்ராம் கடைசித் தரிப்பான கிராண்ட்பாஸில் நின்றது.

புறப்படும்போது சின்னத்தம்பியர் என்னைப் படலைவரை வந்து வழியனுப்பினார்.

"தம்பி, ஆவணியிலை முகூர்த்தம். கப்பல் பிந்தலாம், முகூர்த்தம் பிந்தாது. களுத்துறை ஆஸ்பத்திரியிலை ஒரு அப்போதிக்கரி இருக்கிறார். அவரின்ரை சாதகமும் பொருந்தித்தான் கிடக்கு."

ரயில்வேயில் வேலை பார்த்தவரிடம் இதைத்தவிர வேறென்ன எதிர்பார்க்கலாம்? கடல் கடக்கும்வரை அந்த அப்போதிக்கரி என் கனவில் மருந்துப் போத்தலைக் குலுக்கிக்கொண்டே இருந்தார்.

அடுத்த நாள் தீவின் மறுகரையில், சாதிக்காய்த் தோட்டங்கள் நடுவே உள்ள ஊருக்குப் போனேன். அங்கே மிஸ் கிளாரா என்ற மருத்துவிச்சி வீட்டில் இடம் கிடைத்தது. அகலமான உடம்பு, அதைவிட அகலமான வைக்கோல் தொப்பி. அந்தப் பக்கத்தில் பிறந்த எல்லாரையும் உலகத்துக்கு இழுத்துவிட்டவள் தான்தான் என்று அறிமுகம் செய்துகொண்டாள். இரவுச் சாப்பாடு என்று மூடியைத் திறந்தால் ஈரப்பலாக்காய்! தேங்காய்ப்பாலில் கீரையோடும் உப்புக்கண்டத்தோடும் வெந்திருந்தது. வெள்ளவத்தையில் வாரத்துக்கு மூன்று தரம் ஈரப்பலாக்காய்க் கறி வைக்கிறான் என்று சமையற்காரனோடு சண்டை பிடித்த நான், அன்றைக்கு அதைக் கண்டு கண் கலங்கினேன். கண்டத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

ஒற்றன் வேலை ஒரே நாளில் முடிந்தது. பராக்குப் பார்ப்பதற்கு முன்னமே தோட்டத்துக் கணக்கப்பிள்ளை என்னைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் எல்லாவற்றையும் காட்டினார். தட்டில் பரப்பி வெயிலில் வைக்கிறார்கள். மழை வந்தால் தட்டை உள்ளே தள்ளுகிறார்கள். நாங்களும் அதையேதான் செய்கிறோம். ஹாஜியாரிடம் இதை எப்படிச் சொல்வது என்ற கவலையோடு மிச்ச நாட்களைக் குதிரை பார்ப்பதில் கழித்தேன்.

அந்த ஊரில் குதிரை இல்லாத காரியம் இல்லை. போதகர் குதிரையில் வந்து ஆராதனை நடத்துகிறார். வெதுப்பிய பாண் விற்கும் பெண் ஒருத்தி குதிரைமேல் இருந்தபடியே தலையில் கூடையைச் சுமந்துவருகிறாள். குதிரைக்கு ஏன் பாரம் என்ற இரக்கமாம். கூடையும் குதிரைமேல்தானே இருக்கிறது என்று நான் எடுத்துச் சொன்னேன். அவள் என்னை ஒரு பரிதாபத்தோடு பார்த்துவிட்டுப் போனாள். பையன்மார் மூன்று பேர் ஒரே குதிரையில் பள்ளிக்கூடம் போகிறார்கள், வால் பக்கத்தில் இருப்பவன் பின்னோக்கிப் பார்த்துப் பாடம் படிக்கிறான். பின்னேரமானால் எல்லாக் குதிரைகளையும் கடலுக்குள் இறக்கிவிடுகிறார்கள். தலைகள் மட்டும் தெரிய அவை நீந்துவதைப் பார்த்து, குளிக்க வந்த நான் உடுப்போடு கரையில் நின்றேன். சேணமும் கிடையாது, பயமும் கிடையாது. நான் மட்டும் பழக்கதோஷத்தில் எல்லாருக்கும் குடையை மடக்கிக்கொண்டிருந்தேன். கொழும்பிலிருந்து வந்த ஆள் மிருகங்களுக்கு வணக்கம் சொல்லும் மதத்தைச் சேர்ந்தவர் என்று ஊரில் கதை பரவியிருந்தது.

புறப்படும் நாள் வந்தது. பெட்டிகளை முதல் நாளே கப்பலுக்கு அனுப்பிவிட்டேன். விடிந்ததும் என்னைத் துறைமுகத்துக்கு ஏற்றிப்போக வேண்டிய லொறி, மிஸ் கிளாராவின் வாசலில் நின்று இருமியது, புகை விட்டது, பிறகு முன்சில்லு ஒன்று கழன்று தனியாக இறக்கத்தில் போய்விட்டது. சாரதி சில்லைத் தேடிப் போனான். இரண்டு பேரும் திரும்பி வரவில்லை.

இந்தக் கப்பலை விட்டால் அங்காலே மாறி ஏறவேண்டிய இங்கிலாந்துக் கப்பலும் போய்விடும். அதை விட்டால் ஆவணி போய்விடும். ஆவணி போனால் அப்போதிக்கரி வந்துவிடுவார்.

மிஸ் கிளாரா தன் குதிரையைக் கொண்டுவந்து நிறுத்தினாள். சாம்பல் நிறம், பெரிய வயிறு, எல்லாவற்றையும் மன்னித்துவிட்ட முகம். பெயர் பிஷப்.

"நான் வரேலாது, மேல் வீட்டுக்காரிக்கு இண்டைக்குப் பிள்ளை பிறக்கப் போகுது. நீ கொண்டுபோ. பட்டணத்து எல்லையிலை லாடம் அடிக்கிற ஜோனாஸ் வீட்டிலை விட்டால் அவன் திருப்பி அனுப்புவான். பாதையை நீ பார்க்கத் தேவையில்லை, பிஷப்புக்குத் தெரியும்," என்றாள்.

"எனக்குக் குதிரை ஓடத் தெரியாது."

"அதுவும் பிஷப்புக்குத் தெரியும்."

ஒரு பீப்பாயின்மேல் ஏறி, அங்கிருந்து குதிரைமேல் ஏறினேன். முதல் தடவை மறுபக்கத்தால் இறங்கிவிட்டேன். இரண்டாம் தடவை இருந்தேன். பிஷப் ஒரு பெருமூச்சு விட்டு நடக்கத் தொடங்கியது. கொஞ்சத் தூரத்துக்கு நான் கண்ணைத் திறக்கவில்லை.

திறந்தபோது குதிரை நின்றிருந்தது. ஒரு வீட்டு வாசல். உள்ளேயிருந்து ஒரு பெண் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மிஸ் கிளாராவைச் சுகம் விசாரித்தாள், என்னை மேலும் கீழும் பார்த்தாள், பிறகு கேட்டாள்:

"எங்கை போறியள்?"

யாழ்ப்பாணத்தானை வழியில் மறித்து இந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது. கேட்டால் போகிற காரியம் கெட்டது. விஷயம் தெரிந்தவர்கள் "தூரத்துக்கோ?" என்று பட்டும் படாமலும் கேட்டுவிட்டு விடுவார்கள். தவறி யாராவது கேட்டுவிட்டால் திரும்பிவந்து, சற்று இருந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்து, புதிதாகப் புறப்பட வேண்டும். நான் இலண்டன் மற்றிக்குலேஷன் பாஸ் பண்ணியவன், இதையெல்லாம் நம்புவதில்லை. ஆனால் செய்யாமல் விட்டதும் இல்லை. போகிற காரியமோ என் கலியாணம்.

இறங்கினேன். அவளுடைய வாசற்படியில் இருந்தேன். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். வேலியில் கால் வைத்து மறுபடி ஏறினேன். அவள் ஒன்றும் விளங்காமல் பிஷப்பின் கழுத்தில் தட்டி, "சுகமாய்ப் போய்ச் சேர்," என்றாள். பிஷப் நடந்தது. அடுத்த வீட்டு வாசலில் நின்றது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மிஸ் கிளாரா எந்த வீட்டில் பிள்ளை பிறப்பித்தாளோ அந்த வீட்டு வாசலில் நின்று நாலு வார்த்தை பேசாமல் போவதில்லை. அந்தத் தெருவில் அவள் பிள்ளை பிறப்பிக்காத வீடே கிடையாது. வீட்டுக்காரர் வந்து, சுகம் கேட்டு, கழுத்தில் தட்டினால்தான் பிஷப்புக்கு விடை கொடுத்த மாதிரி. கெஞ்சினேன், குதிகாலால் இடித்தேன், திருநீற்றைக்கூடப் பூசிப் பார்த்தேன். அது காதை ஆட்டிக்கொண்டு நின்றது.

வாசலுக்கு வாசல் பிஷப் நின்றது. வாசலுக்கு வாசல் "எங்கை போறியள்?" என்றார்கள். வாசலுக்கு வாசல் நான் இறங்கி, இருந்து, தண்ணீர் குடித்து, ஏறினேன். நாலாவது ஐந்தாவது வீட்டோடு வயிறு பானையாகிவிட்டது. வழியில் இருந்த கொக்கோ மரங்களுக்கு நான் செய்த உபகாரத்தை விவரிக்கத் தேவையில்லை.

இதற்கிடையில் பாண்காரி எங்களை முந்திக்கொண்டு போய்விட்டாள். வருகிறவர் வீட்டுக்கு வீடு தண்ணீர் குடிக்கும் நேர்த்திக்கடன் செய்கிறார் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போயிருக்கிறாள். அதன் பிறகு வந்த வாசல்களில் கதிரையும் எங்கள் ஊர் மூக்குப்பேணிச் செம்பளவு குவளையும் தயாராக இருந்தன. ஒரு வீட்டில் வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். ஒரு வீட்டில் இளநீர். கிழங்கு மாதிரி இருந்த ஒரு கிழவர் தந்தது பார்வைக்குத் தண்ணீர்தான், விழுங்கியபிறகுதான் அது ரம் என்று தெரிந்தது. அதன் பிறகு எனக்குக் குதிரை ஓட்டம் கொஞ்சம் கைவந்த மாதிரி இருந்தது.

"எங்கை போறியள் எண்டு கேட்காதேங்கோ!" என்று ஒரு வீட்டில் முன்கூட்டியே கத்திப் பார்த்தேன்.

"ஏன், எங்கை போறியள்?" என்றாள் அந்த வீட்டுக்காரி.

மலை உச்சியில் ஏறியதும் கீழே துறைமுகம் தெரிந்தது. கரைக்கு எட்டத்தில் நங்கூரமிட்டபடி என் கப்பல், புகைபோக்கியில் கறுப்புப் புகை. முதல் சங்கு ஊதியது. பூரணம் மணவறையில் இருக்க, பக்கத்தில் தலைப்பாகையோடு அப்போதிக்கரி வந்து குந்துவது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. இறக்கம் என்பதால் பிஷப் கொஞ்சம் வேகமாக நடந்தது. நான் அதன் கழுத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

பட்டணத்து எல்லையில் ஜோனாஸின் லாடப் பட்டறை. லாடம் அடிக்கக் காத்திருந்த குதிரைகளும் குதிரைக்காரரும் ஒரு சந்தைபோல் நின்றார்கள். வாய்க்காலில் என்னைத் தூக்கிய சுங்கான்காரனும் நின்றான். இரண்டாவது சங்கு ஊதியது. இங்கிருந்து நடந்து போனால் கப்பல் கிடையாது, பிஷப்பிலேயே போனால் ஒருவேளை பிடிக்கலாம். பிஷப்போ பட்டறை வாசலில் நின்றுவிட்டது. ஜோனாஸின் மனைவி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தாள்.

"இந்தப் பறப்பு பறந்து எங்கை போறியள்?"

இறங்கித் தண்ணீர் குடித்தால் கப்பல் போய்விடும். குடிக்காமல் போனால் கலியாணம் போய்விடும். குதிரையின்மேல் இருந்தபடியே எனக்கு அழுகை வந்தது. வெட்கமில்லாமல் அழுதேன். பிறகு என்னையறியாமல், கொழும்பில் ஒருநாளும் உயர்த்தாத குரலில் கத்தினேன்:

"கலியாணம் கட்டப் போறன்! கேட்டதெல்லாம் போதும்! நான் கலியாணம் கட்டப் போறன்!"

பட்டறையில் சுத்தியல் நின்றது.

"ஆரை?" என்றாள் ஜோனாஸின் மனைவி.

நான் சொல்லத் தொடங்கினேன். ரயிலைச் சொன்னேன், ட்ராமைச் சொன்னேன். குடை முட்டியதைச் சொன்னேன். இரண்டு வருடமாக அவள் வராத நாட்களில் ரயில் பிந்தியது போலவே எனக்கு இருந்ததையும், அவளை எனக்கு எவ்வளவு விருப்பம் என்பதையும் சொன்னேன். பெற்ற தாய்க்கும் சொல்லாத விஷயத்தை ஒரு லாடப் பட்டறை முழுக்கக் கேட்கச் சொன்னேன்.

"உதை ஏன் இவ்வளவு வழியிலும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?" என்று அவள் பிஷப்பின் கழுத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். "மாப்பிள்ளை போறார், வழி விடுங்கோ!"

பிஷப் ஓடும் என்று எனக்குத் தெரியாது. அதற்கும் அதுவரை தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். பின்னால் பட்டறையே திரண்டு வந்தது. சேணம் உள்ளவன், இல்லாதவன், மூன்று காலில் மட்டும் லாடம் அடித்த குதிரைக்காரன், ஜோனாஸின் பின்னால் ஏறிய அவன் மனைவி என்று எல்லாரும் கத்திக்கொண்டு வந்தார்கள். தெருவில் நின்ற பொலிஸ்காரர் ஒதுங்கி எங்களுக்குச் சலாம் வைத்தார்.

துறைக்கு வந்தபோது கடைசி வள்ளம் கரையை விட்டுவிட்டது. நான் கடிவாளத்தை இழுத்தேன். பிஷப் அதைக் கணக்கெடுக்கவில்லை. ஓடி வந்த உடம்புக்கு வெக்கையாக இருந்திருக்க வேண்டும். அப்படியே கடலுக்குள் இறங்கி நீந்தத் தொடங்கியது. இடுப்பளவு தண்ணீர், நெஞ்சளவு தண்ணீர். எனக்கு நீந்தத் தெரியாது என்பதை யாரிடமாவது சொல்ல விரும்பினேன், வாய்க்குள் உப்புத்தண்ணீர் வந்துவிட்டது. வள்ளக்காரர்கள் சிரித்துச் சிரித்துத் துடுப்பை விட்டுவிட்டு, என் கோட்டுக் கொலரில் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டார்கள். ஒரு சப்பாத்து கடலோடு போனது. பிஷப் இரண்டு தரம் வட்டமடித்துக் குளித்துவிட்டு ஆறுதலாகக் கரைக்குத் திரும்பியது.

கப்பலின் ஏணியில் நான் ஏறிக்கொண்டிருந்தபோது கரையிலிருந்து ஜோனாஸின் மனைவியின் குரல் வந்தது. குதிரையின்மேல் எழுந்து நின்று கத்துகிறாள்.

"பெட்டையின்ரை பேர் என்ன?"

அந்தப் பெயரை நான் அதுவரை ஒருவருக்கும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சம்மரியில் 'அவ' என்போம். தாய்க்கு எழுதும்போது 'சின்னத்தம்பியரின் மகள்' என்று எழுதுவேன். ஏணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நெஞ்சில் இருந்த காற்று முழுவதையும் எடுத்துக் கத்தினேன்:

"பூரணம்!"

கரையில் நின்ற குதிரைக்காரர் எல்லாரும் தொப்பியைக் கழற்றினார்கள். ஒரே குரலாகத் திருப்பிக் கத்தினார்கள். "பூ... ர... ணாம்!" மலையில் பட்டு அது மறுபடியும் வந்தது. கப்பல் நகர்ந்த பிறகும் கத்திக்கொண்டே நின்றார்கள். நான் ஒற்றைச் சப்பாத்தோடு மேல்தட்டில் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

ஹாஜியார் வாக்குத் தவறாமல் என்னைத் தலைமை லிகிதர் ஆக்கினார். ஆவணியில், குறித்த முகூர்த்தத்தில் கலியாணம் நடந்தது. அடுத்த நாள் இதையெல்லாம் பூரணத்துக்குச் சொன்னேன். அவள் நம்பவில்லை. ரீச்சர் அல்லவா, குறுக்குக் கேள்விகள் கேட்டாள். நான் எல்லாவற்றுக்கும் மறுமொழி சொன்னேன். பிறகு அவள் சேலைத் தலைப்பைத் திருகினாள்.

"என்ரை பேரை எத்தினை பேர் கூப்பிட்டவை?" என்று கேட்டாள்.

"முப்பது பேர் இருக்கும்."

"குதிரையளைச் சேர்க்காமலோ?"